நடுவில் வெள்ளை

மின்னஞ்சல் அப்பா பெயருக்கு வந்தது.
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்ட கட்டத்தில்
வேறென்ன எழுதுவது?
'வாழ்த்துகள், அஞ்சப்பன்.
வடதுருவ இளையோர் அறிவியல் பயணத்துக்கு
நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்.'

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர்
இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.
'இருபத்திரண்டு வருசமா ஐஸ்லதான் கிடக்கேன்.
இன்னும் எங்க கூப்பிடறான் என்னை?'
அம்மா சிரித்த சிரிப்பில்
சங்கரா மீன் ஒருபக்கம் தீய்ந்தது.

கடலூர் முதுநகரில்
துறைமுகத்துக்குப் போகிற வழியில்
அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால்
அப்பாவின் ஐஸ் கம்பெனி வந்துவிட்டது.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
குளிரில் முன் அனுபவம் உண்டா? விளக்குக.
விளக்க நாலு கோடு.
சோற்றுத் தூக்கோடு போகும்போதெல்லாம்
உப்புநீர்த் தொட்டியை மூடிய பலகைகள் மேல்
வெறுங்காலோடு நடந்ததை
நாலு கோட்டுக்குள் மடக்கி எழுதினேன்.
உப்பனாற்றில் வாரம் ஒரு பாட்டில் மொண்டு
ஒரு வருடம் உப்பு அளந்தது
தனி இணைப்பு.
சித்திரையில் கடல் ஆற்றுக்குள்
எவ்வளவு தூரம் ஏறி வருகிறதென்று
சிவப்பு மையில் ஒரு கோடு.

பூட்ஸ் காலுக்குப் பழக
தினம் ஒரு மணி நேரம் நடக்கவேண்டுமாம்.
அக்னி நட்சத்திரத்தில், தேவனாம்பட்டினம் மணலில்,
முழங்கால் உயரப் பனிப் பூட்ஸ்.
'எந்தப் பட ஷூட்டிங்க்கா?'
என்றான் சுண்டல் விற்கிற பையன்.

இரவல் ஜாக்கெட்டைச் சோதிக்க
ஐஸ் கிடங்குக்குள் போய் உட்கார்ந்தேன்.
'முடியலைன்னா தட்டு' என்று
வெளியிலிருந்து கதவைச் சாத்தினார் அப்பா.
பதினேழு நிமிடம்.
தட்டுவதற்குக் கை ஓங்கும்போதே
கதவு திறந்துவிட்டது.
அவருடைய இடது காது மட்டும்
வெளிறிப்போயிருந்தது.

*

இங்கே ராத்திரி இல்லை.
பதினொரு மணிக்கும் சாய்ந்த வெயில்.
பன்னிரண்டு பேர், கரடிக்கு ஒரு துப்பாக்கி,
பனியாற்றின் மேல் எல்லோரையும் கட்டிய ஒரே கயிறு.
எனக்கு முன்னால் லிஸ்பெத்,
பின்னால் ஷில்லாங்கிலிருந்து வந்த பன்ஷான்.
அவனும் முதல்முறையாகத்தான் கடலைப் பார்த்தானாம்,
அதுவும் உறைந்த கடலை.

துளைத்து எடுத்த பனி உருளையைத்
தார்ப்பாயில் கிடத்தினார்கள்.
உள்ளே குமிழிகள்.
'பழைய காற்று' என்றார் குழுத்தலைவி.
'நாம் யாரும் பிறக்காத காலத்தில் அடைபட்டது.'
எல்லோரும் குனிந்தார்கள்.

எனக்கு இது தெரியும்.
எங்கள் ஐஸ் பாரிலும் நடுவில் வெள்ளை இருக்கும்.
ஓரங்கள் முதலில் உறைய,
போக வழியில்லாத காற்று
கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்ளும்.
அது முந்தாநாள் முதுநகர்க் காற்று:
டீசல், கருவாடு, யாரோ பிடித்த பீடி.

ஒரு சில்லைக் காதருகே வைத்தேன்.
எண்ணெய் சரியாகக் காயாத வாணலியில்
கடுகு போட்டாற்போல்
ஒன்றும் இரண்டுமாகப் பொரிந்தது.

போன வருடக் குழு
பனியின் விளிம்பில் நட்ட கம்பு
இப்போது வெறும் சேற்றில் நிற்கிறது.
அங்கிருந்து இன்றைய விளிம்புக்கு
நான் நடந்து எண்ண, பன்ஷான் எழுதினான்:
எண்பத்தொரு காலடி.
அவன் பென்சிலை எடுக்காமல்
எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே இருந்தான்.

சிக்னல் கிடைத்த ஊரில் இறங்கியதும்
குரல்பதிவு அனுப்பினேன்.
'அப்பா, இங்க ஐஸ் உருகுதுப்பா. வேகமா உருகுது.'

பதிலில் முதலில் கிரஷர் சத்தம்.
லாரிக்காரர் யாரையோ திட்டுகிறார்.
பிறகு அப்பா, தொண்டை கிழிய:
'உமி கொட்டி மூடச் சொல்லு.
மேல சாக்கு நனைச்சுப் போடச் சொல்லு.
வெயில் படவே கூடாது, கேட்டியா?'

கிரஷர் நிற்கிறது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

'ஆமா,
எத்தினி பார் இருக்கும் அது?'